ஜெர்த்ரூதம்மாளின் கேப்டன்

மே 6. மாஸ்பிராக்ட், நெதர்லாந்து
கேப்டன் க. மச்சாடோ

மேலே இருப்பது ரப்பர் முத்திரை. கிளம்புவதற்கு முந்தின வாரம் தூத்துக்குடியில் செய்து வாங்கியது. ஐரோப்பாவில் படகு வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு முத்திரை வைத்திருப்பார்கள், அதைக் கண்டால் அதிகாரிகள் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை என்று கேள்விப்பட்டேன். இந்த நோட்டிலும் தினமும் ஒன்று குத்தப் போகிறேன். செய்த முத்திரையைச் சும்மா வைத்திருப்பானேன்?

நான் கஸ்பார் மச்சாடோ, வயது அறுபத்துநான்கு. முப்பத்துநான்கு வருஷம் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கப்பலில் இரண்டு கூட்டம் உண்டு. மேல்தளத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று கடலைப் பார்க்கிறவர்கள் ஒன்று, கீழே எண்ணெயில் வேகிறவர்கள் இன்னொன்று. எந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோதும் நான் பார்த்தது பிரஷர் மீட்டரைத்தான். இனி அப்படி இல்லை. சொந்தப் படகு, சொந்தக் கேப்டன் பதவி.

பதினொரு மீட்டர் நீளம், இரும்பு உடம்பு, நாற்பது வருஷத்துக்கு மேல் வயது. பழைய உரிமையாளர் ஹெங்க் சாவியைக் கொடுக்கும்போது படகின் மூக்கைத் தடவி அழுதுவிட்டார். படகின் பெயர் ஜெர்த்ரூத். பயணிகளைக் காக்கிற புனிதை என்று சொல்லி என் மனைவி அமலோற்பவம் உடனே அதை ஜெர்த்ரூதம்மாள் ஆக்கிவிட்டாள்.

திட்டம் இதுதான். ரைன் நதியில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, மைன் நதிக்குள் திரும்பி, ஒரு கால்வாய் வழியாக மலையைத் தாண்டி, டான்யூபில் இறங்கி செர்பியா எல்லை வரை இரண்டாயிரம் கிலோமீட்டர். மே 4-ஆம் தேதி வந்திறங்கினோம். விசா தொண்ணூறு நாள். ஆகஸ்ட் 1-க்குள் ஹங்கேரியின் கடைசி ஊரான மொஹாச்சில் வெளியேறியாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் மறுபடி விசா தரமாட்டார்கள். அப்புறம் படகு இங்கேயும் நாங்கள் அங்கேயுமாகக் கிடக்க வேண்டியதுதான்.

சாப்பிடும்போது வேலைப் பங்கீட்டை வாசித்தேன். கேப்டன், நான். இன்ஜினியர், நான். கயிறு, கொடி, சமையல், வயர்லெஸ் எல்லாம் அமலி.

"அப்ப ஸ்டியரிங்?" என்றாள்.

"அது கேப்டன் வேலை."

"நானும் உங்ககூடத்தான பரீட்சை எழுதுனேன்?"

எழுதினாள். படகுச் சான்றிதழ்ப் பரீட்சையில் அவளுக்குத் தொண்ணூற்றுநான்கு, எனக்கு எழுபத்தொன்று. நேர்மைக்காக மட்டும் இதைக் குறிக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் 'அமலி லேடீஸ் டிரைவிங் ஸ்கூல்' நடத்தியவள், ஆயிரம் பெண்களை ரிவர்ஸ் எடுக்க வைத்தவள். ஆனால் கார் வேறு, கப்பல் வேறு.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கினேன். எங்கள் சலவைக்காரர் சங்கிலியைப் போலத் தொழில் சுத்தம் உள்ள மனிதர் கிடையாது. ஒவ்வொரு ஜோடிக் காலுறைக்கு உள்ளேயும் வெள்ளை நூலில் முடிச்சு. ஒற்றை முடிச்சோடு ஒற்றை, இரட்டையோடு இரட்டை. சட்டைக் காலரிலும் கால்சட்டையிலும் அப்படியே. அதைப் பார்த்து உடுத்தினால் போதும், முப்பது வருஷத்துக்கு மேலாக யாரும் என் உடுப்பைக் குறை சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் தோறும் சங்கிலிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கிறேன். "எதுக்குய்யா இதெல்லாம்?" என்று கூச்சப்படுவார்.

மே 10. நைமேகன்
கேப்டன் க. மச்சாடோ

இன்ஜின் ஆறு மணி நேரம். வெப்பம் 82. குறை ஒன்றும் இல்லை.

இன்று ரைனுக்குள் வந்தோம். தெரு நீளத்துக்குச் சரக்குப் படகுகள் எதிரே வருகின்றன. வழக்கமான பக்கத்தை விட்டு வேறு பக்கமாக வருகிறவன் நீலப் பலகை ஒன்றை நிமிர்த்திக் காட்டுவான். என்ன அருமையான ஏற்பாடு! அரை மைல் தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிறது. இந்த நாட்டுக்காரர்கள் எல்லா அடையாளத்தையும் நீலத்திலேயே வைத்திருக்கலாம்.

மிதவைகள் அப்படி இல்லை. மேலேறும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு தகர டப்பா வடிவம், பச்சை கூம்பு வடிவம். இன்ஜினியர் வடிவத்தைத்தான் நம்புவான். அமலி பக்கத்தில் நின்றுகொண்டு, "அந்தா பச்ச, வலதுல வருது. அடுத்து சிவப்பு, இடது," என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாள். டிரைவிங் ஸ்கூல் பழக்கம், வாயை விட்டுப் போகவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூவர்ணக் கொடியின் ஒரு மூலையில் நூல் முடிச்சு போட்டிருக்கிறாள். ஏன் என்றேன். "கிழியாம இருக்கும்" என்றாள்.

மே 17. கொலோன்
கேப்டன் க. மச்சாடோ

மழை. இன்ஜினுக்கு மட்டும் சந்தோஷம்.

மே 21. கோப்லென்ஸ்
கேப்டன் க. மச்சாடோ

கடைக்குப் போனேன். அமலி கேட்டது சிவப்புக் குடைமிளகாய். வாங்கி வந்ததை மேசையில் வைத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லதாப் போச்சு, நானே பச்சையா வாங்கச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். இந்த ஊர்க் கடைகளில் விளக்கு சரியில்லை.

என் காலுறைகளில் பாதியைக் காற்று ரைனுக்குக் கொடுத்துவிட்டது. புதிதாக ஆறு ஜோடி வாங்கினேன்.

மே 25. போப்பார்ட்டுக்கு மேலே
கேப்டன் க. மச்சாடோ

இரண்டு பக்கமும் மலை. நதி ஒடுங்கி, நீரோட்டம் எங்களைப் பிடித்துத் தள்ளுகிறது. இன்ஜின் முழு மூச்சில் ஓடியும் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான். கரையில் நாயோடு நடந்துபோன ஒரு பெரியவர் எங்களை முந்தினார். நாய் அவரையும் முந்தியது.

"அவியகிட்ட ஒரு கயிறு வாங்கிக் கட்டிக்கிடலாமா?" என்றாள் அமலி.

கரை நெடுகக் கோட்டைகளாம். அமலி எண்ணிக்கொண்டே வந்தாள், பதின்மூன்று என்றாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மிதவையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஜூன் 2. மைன் நதி, ஆறாவது லாக்
கேப்டன் க. மச்சாடோ

லாக் என்பது தண்ணீர் லிஃப்ட். உள்ளே போனதும் கதவைச் சாத்தி, நீரை ஏற்றி, படகை மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடுவார்கள். இந்த நதியில் இப்படி முப்பத்துநான்கு. வாசலில் விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் நில், பச்சை எரிந்தால் வா.

நான் ஒரு நாகரிகம் கடைப்பிடிக்கிறேன். வேறு படகு வரும்வரை காத்திருந்து, அது நுழைந்த பிறகு பின்னாலேயே நுழைவேன். முந்திக்கொண்டு போவது நம் வழக்கம் அல்ல. ஆனால் இன்று வேறு படகே வரவில்லை. இருபது நிமிஷம் நின்றேன். கடைசியில் லாக்காரர் ஒலிபெருக்கியில் ஏதோ கத்தினார்.

"நமக்காகத்தான் பச்ச போட்டுக் காத்திருக்காராம்" என்றாள் அமலி. "நம்ம கேப்டன் ரொம்ப மரியாதக்காரர்னு வயர்லெஸ்ல சொல்லிட்டேன்."

இப்போதெல்லாம் லாக் வரும்போது அவளே முந்திக்கொண்டு, "பச்ச விழுந்துட்டு, வாங்க வாங்க" என்கிறாள். சிக்னலில் நிற்கும் மாணவிகளிடம் சொல்லும் அதே குரல்.

ஜூன் 12. வூர்ட்ஸ்பர்க்
கேப்டன் க. மச்சாடோ

படகுத்துறைக்குள் நுழையும் நேரத்தில் இன்ஜினின் பெல்ட் கீச்சிட்டது. கேட்டுக்கொண்டு எந்த இன்ஜினியரால் மேலே நிற்க முடியும்? "அப்படியே நேராப் பிடிச்சிக்கோ" என்று ஸ்டியரிங் சக்கரத்தை அமலியிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனேன். ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு ஏறி வந்தால், ஜெர்த்ரூதம்மாள் இரண்டு விலையுயர்ந்த படகுகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில், பின்பக்கமாகப் போய் அழகாக நிற்கிறாள். சுற்றி நின்ற ஜெர்மானியர்கள் கைதட்டுகிறார்கள்.

காற்று சாதகமாக இருந்திருக்கிறது.

"தூத்துக்குடி பெரிய மார்க்கெட்டுல மாருதி வேனை இதவிடச் சின்ன இடத்துல விட்டிருக்கேன்" என்று அந்த ஜெர்மானியர்களுக்குத் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஜூன் 25. மலை உச்சிக் கால்வாய்
கேப்டன் க. மச்சாடோ

கடல் மட்டத்துக்கு மேல் நானூற்றாறு மீட்டர். கரையில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். இதற்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை ரைனுக்கும், அந்தப் பக்கம் பெய்வது டான்யூபுக்கும் போகுமாம். ஐம்பத்து மூன்றாம் நாள். கணக்குப்படி ஒரு வாரம் முன்னதாகவே வந்திருக்கிறோம். ஒரு இரும்புப் படகை மலைமேல் ஏற்றியாயிற்று! அமலி பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். இரண்டு தம்ளர் குடித்தேன்.

"இனிமே நீரோட்டத்தோட போறோம்" என்றாள். "மிதவ எல்லாம் பக்கம் மாறிரும். சிவப்பு வலதுல வரும், பச்ச இடதுல. ஞாபகம் வச்சிக்கிடுங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. சும்மா சொன்னேன்."

மூன்றாவது தம்ளர் குடிக்கவில்லை.

ஜூலை 1. ரேகன்ஸ்பர்க்
கேப்டன் க. மச்சாடோ

சண்டை.

பழைய கல்பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஓடுகிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். கரையில் ஐம்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அமலி உச்சக் குரலில், "பச்ச இடது! சிவப்பு வலது! வலது வலது!" என்கிறாள். யாரோ சிரித்தார்கள்.

கட்டி நிறுத்தியதும் சொன்னேன். "நான் உன் டிரைவிங் ஸ்கூல்ல படிக்க வந்தவன் இல்ல. நாளையில இருந்து நீ கலர் சொல்லக் கூடாது. இது கேப்டன் உத்தரவு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நிஜமாத்தான் சொல்லுதியளா?" என்றாள்.

"நிஜமாத்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். கேப்டன் என்றால் சில சமயம் இப்படித்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு இல்லை. எனக்கும் பசி இல்லை.

ஜூலை 3. ஸ்ட்ராபிங்குக்குக் கீழே
கேப்டன் க. மச்சாடோ

தரை தட்டினோம். வரைபடம் பழசு.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இந்தப் பகுதியில் லாக் கிடையாது, நதி தன் போக்கில் ஓடுகிறது, இரண்டு பக்கமும் சரளைக்கல் மேடு. காலை பத்து மணி. வளைவைத் தாண்டியதும் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தண்ணீர் முழுக்க மினுமினுப்பு. நடுவே ஒற்றை மிதவை. டப்பாவா கூம்பா என்று தெரியவில்லை, கறுப்பாக ஒரு கட்டி, அவ்வளவுதான். அமலி பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. உத்தரவு போட்டவன் நான்தானே. சிவப்பு என்று முடிவு செய்து, அதை வலப்பக்கம் விட்டு ஓட்டினேன்.

இடப்பக்கம் விட்டிருக்க வேண்டும்.

மாவு மில்லில் கல் விழுந்த சத்தம். படகு நின்றது. தட்டும் தம்ளரும் உருண்டன. அடுத்த நொடி இன்ஜினின் மூச்சு மாறியது. குளிர வைக்கிற தண்ணீர்க் குழாய் சரளையையும் மணலையும் உறிஞ்சுகிறது. அடைத்துக்கொண்டால் இன்ஜின் வெந்துபோகும். ஒருவர் கீழே உட்கார்ந்து வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"நீங்க கீழ போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அமலி.

போனேன். வேறு வழி?

எதிரே ஒரு பெரிய சரக்குப் படகு ஏறி வந்திருக்கிறது. அதன் கேப்டன் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைக்கட்டுமா என்று வயர்லெஸ்ஸில் கேட்டான். அமலி ஆங்கிலத்தில், "வேண்டாம் சார், தயவுசெய்து வேகமாக வாருங்கள், எனக்கு உங்கள் அலை வேண்டும்" என்றாள். அவன் சிரித்தது கீழே வரைக்கும் கேட்டது. முத்துநகர்க் கடற்கரை மணலில் புதைந்த கார்களை ஆட்டி ஆட்டி எடுத்தவளாயிற்றே.

"அல வருது! பின்னால, மெதுவா!" அவள்தான் இன்ஜின் நெம்புகோலைப் பிடித்திருக்கிறாள், எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சொன்னாள். என் வாய் தானாக, "பின்னால, மெதுவா!" என்று திருப்பிச் சொன்னது. கப்பலில் மேலிருந்து வரும் ஒவ்வொரு உத்தரவையும் கீழே இருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம்.

"முழு வேகம்!"

"முழு வேகம்!"

அலை எங்களைத் தூக்கியது. இரும்பு கல்லில் உரசியது. அப்புறம் எதுவும் உரசவில்லை. ஜெர்த்ரூதம்மாள் மிதந்தாள். கையில் மணலும் வடிகட்டியுமாகக் கீழே உட்கார்ந்திருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. இந்தப் பயணத்தில் எனக்குப் பயமே இல்லாமல் இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

வரைபடம் பழசு இல்லை. இந்த வருஷத்தது.

ஜூலை 4. டெகன்டார்ஃப்

படகின் அடியில் கீறல்தான், ஓட்டை இல்லை. பார்த்துவிட்டேன்.

இன்று நாள் முழுக்க இங்கேயே. அமலி துணி துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததை நான் எடுத்து மடித்தேன். காலுறைகளைப் பழக்கப்படி திருப்பி முடிச்சைப் பார்த்துச் சேர்த்தேன். ஒற்றையோடு ஒற்றை, இரட்டையோடு இரட்டை. நான்கு ஜோடி சேர்த்த பிறகுதான் உறைத்தது. இவை கோப்லென்ஸில் வாங்கிய காலுறைகள்.

சங்கிலி தூத்துக்குடியில் இருக்கிறார்.

மிச்ச இரண்டு ஜோடியையும் திருப்பிப் பார்த்தேன், அவற்றிலும் முடிச்சு. பிறகு கொடியைப் போய்ப் பார்த்தேன். முடிச்சு காவி நிறம் இருக்கிற மேல் மூலையில் இருந்தது. காவி என்று எனக்குத் தெரிந்ததே முடிச்சு அங்கே இருந்ததால்தான்.

இனி எழுதிவிடுவது நல்லது. பதினெட்டு வயதில் கேப்டன் படிப்புக்குத் தேர்வாகி பம்பாய் போனேன். கடைசியில் கண் பரிசோதனை. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகம். எனக்கு முன்னால் நின்றவன் எட்டு, இருபத்தொன்பது, எழுபத்துநான்கு என்று கடகடவென்று படித்தான். எனக்குப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் புள்ளிகள். சிவப்பும் பச்சையும் உனக்குப் பிரியாது, மேல்தளத்துக்கு ஆகமாட்டாய், வேண்டுமானால் இன்ஜின் பக்கம் போ என்றார். இடம் நிரம்பிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். மூளையுள்ளவன் இன்ஜினுக்குத்தான் போவான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அமலியிடமும் அதையேதான் சொன்னேன். இந்தப் படகுச் சான்றிதழுக்கான கண் படிவத்தில், கூடப் படித்த டாக்டர் ஒருவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கையெழுத்து வாங்கினேன். அது தப்பு. நேற்று அந்தத் தப்பில் அவளையும் மூழ்கடிக்கப் பார்த்தேன்.

வெட்கமாக இருந்தது. காலுறையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"இந்த முடிச்சு யார் போட்டது?"

அமலி கரண்டியை வைத்தாள். "கண்டுபிடிச்சிட்டியளா?"

"எப்பத்துல இருந்து?"

"கல்யாணமாகி மூணாவது மாசத்துல இருந்து. பனிமய மாதா திருவிழாவுக்கு எனக்குச் சேல எடுத்துட்டு வந்தியளே, ஞாபகம் இருக்கா? சிவப்புச் சேல, ரத்தச் சிவப்பு, கடையிலயே இதான் ஒசத்தின்னு பெருமையாச் சொன்னிய."

"ஆமா. அந்தச் சிவப்புச் சேல."

"அது பச்ச."

காலுறையை மேசையில் வைத்தேன்.

"நானும் சிவப்புன்னே சொல்லிக் கட்டிக்கிட்டேன். எங்க அம்மகிட்டயும் சிவப்புன்னே சொல்லுங்கன்னு சொல்லி வச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்." கரண்டியை எடுத்துத் துடைத்தாள். "முப்பத்தாறு வருஷம் ஆகும்னு நினைக்கல."

நான்தான் முதலில் சிரித்தேன். அப்புறம் அவள். அப்புறம் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம். குழம்பு அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம். சங்கிலிக்குக் கொடுத்த முப்பது வேட்டியைப் பற்றி நினைத்து மறுபடி சிரித்தோம்.

முத்திரை குத்த மறந்துவிட்டேன்.

ஜூலை 5. பாஸாவை நோக்கி
கேப்டன் க. மச்சாடோ

சக்கரம் அமலியிடம். மேற்பார்வை என்னிடம். கேப்டன்தான் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஜூலை 9. லின்ஸுக்கு மேலே
கேப்டன் க. மச்சாடோ

இரண்டு மாதமாக ஐரோப்பாவில் இருக்கிறேன், இன்றுதான் ஐரோப்பாவைப் பார்த்தேன். படகின் மூக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சக்கரத்தைப் பிடித்திருந்த நாளெல்லாம் மிதவையைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் பட்டதில்லை. கீழே பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த கதைதான். இன்று ஒரு நாரை மீன் பிடித்ததைப் பார்த்தேன். மலைமேல் ஒரு கோவில் மணி அடித்தது. இரண்டு பாட்டிமார் நீச்சலடித்துக்கொண்டே வம்பு பேசினார்கள். எனக்குக் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

இன்ஜின் சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. முடுக்கினேன். அமலிக்கு அது கேட்கவே இல்லையாம். அவளுக்குக் கேட்காத ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

ஜூலை 14. வியன்னா

ஊர் பெரிசு. காப்பி நன்றாக இருந்தது. முத்திரை எங்கேயோ துணிக்கு அடியில் போய்விட்டது, தேடவில்லை.

ஜூலை 19. கோமாரோம், ஹங்கேரி

எந்த நாட்டுக்குள் போகிறோமோ அந்த நாட்டுக் கொடியை மரியாதைக்கு ஏற்றுவது படகுக்காரர் வழக்கம். ஹங்கேரிக் கொடி வாங்கி, அமலி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நானே ஏற்றினேன். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று கையை வீசிக் கத்தினார். எவ்வளவு அன்பான மக்கள் என்று நானும் கையை வீசினேன். அவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு இன்னும் பலமாகக் கத்தினார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அமலி மேலே பார்த்தாள். "ஐயையோ, தலகீழாப் பறக்குது. முடிச்சுப் போட மறந்துட்டேன்."

இறக்கி, திருப்பி ஏற்றிவிட்டு, கிழவருக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்தோம். என் கண்ணைத் தொட்டுக் காட்டி, கொடியைக் காட்டி, இல்லை என்று கை விரித்தேன். ஒரு அந்நியரிடம் இதை நான் சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு முறுக்கைத் தின்றார். உலகம் இடிந்து விழவில்லை.

ஜூலை 24. புடாபெஸ்ட்டுக்குக் கீழே

இன்ஜின் ஏழு மணி நேரம். வெப்பம் 81.

துணிக்கு அடியில் முத்திரை கிடைத்தது. குத்தலாமா என்று எடுத்தேன். சக்கரத்தில் அமலி நின்றிருந்தாள். எதிரே மூன்று படகுகள், பக்கத்தில் ஒரு மேடு, மேலே ஒரு பாலம். ஒரு காலைத் தூக்கி மறுகாலில் வைத்து நின்றுகொண்டு, ஏதோ ஞானப்பாட்டை முணுமுணுத்தபடி, மூன்றையும் தாண்டிப் போனாள். முத்திரையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூலை 30. மொஹாச், எல்லை

எண்பத்தெட்டாம் நாள். இரண்டு நாள் மிச்சம்.

நாட்டை விட்டு வெளியேறுகிற படகு, அதில் இருப்பவர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். முதல் வரி கேப்டன். அதன் கீழே மற்றவர்கள். பக்கத்தில் முத்திரைக்கு ஒரு கட்டம். இந்தக் கட்டத்தை நினைத்துத்தான் தூத்துக்குடியில் அந்த முத்திரையையே செய்யச் சொன்னேன்.

காலையில் அமலி எழுவதற்கு முன்னால் முகச்சவர பிளேடை எடுத்தேன். முத்திரையில் என் பெயரின் முதல் எழுத்தையும் அதன் புள்ளியையும் மெதுவாகச் சீவி எடுத்தேன். ரப்பர்தான், நிமிஷத்தில் வந்துவிட்டது. மனசு கொஞ்சம் வலித்தது. பொய் சொல்வானேன். பதினெட்டு வயசிலிருந்து வேண்டும் என்று நினைத்த பதவி. ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

அமலி சேலை கட்டிக்கொண்டு வந்தாள். படகில் தினமும் சுடிதார்தான். அதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்று இன்றைக்குச் சேலை.

மேசைக்குப் பின்னால் மீசை வைத்த அதிகாரி. பட்டியலை வாங்கிக்கொண்டு, "கேப்டன்?" என்று என்னைப் பார்த்தார். அமலியும் பழக்கதோஷத்தில் என்னையே காட்டினாள்.

"நான் இல்லை" என்றேன். "இவர்."

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். முதல் வரியில் அமலோற்பவம் மச்சாடோ. பக்கத்தில் கேப்டன் மச்சாடோ என்று முத்திரை. இரண்டாவது வரியில் கஸ்பார் மச்சாடோ, சீஃப் இன்ஜினியர். எழுந்து நின்று, அமலிக்குக் கை கொடுத்து, ஏதோ ஹங்கேரிய மொழியில் மரியாதையாகச் சொன்னார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. முத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான்.

படகுக்கு வந்ததும் அமலி முத்திரையை வாங்கி, சீவின இடத்தை விரலால் தடவினாள்.

"பெருசா வெட்டியிருக்கிய" என்றாள். "அழகாச் செஞ்ச முத்திரையாச்சே."

"கிளம்பலாமா, கேப்டன்? நேரமாகுது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் போனாள். நான் கீழே போய் எண்ணெய் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, ஹங்கேரிக் கொடியை இறக்கினேன்.

"கீழ தயாரா?"

"கீழே தயார்!"

"முன்னால, மெதுவா!"

"முன்னால, மெதுவா!"

ஹங்கேரி பின்னால் போயிற்று. நதி அகலமாக இருந்தது. நாற்காலியை இன்றைக்கு மூக்கில் போடாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அமலியின் முந்தானை காற்றில் என் முகத்தில் வந்து விழுந்தது. பழைய பட்டு, மடிப்பில் நைந்திருந்தது. எங்கேயோ பார்த்த சேலையாகத் தெரிந்தது.

பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கேட்டால் மாட்டிக்கொள்வேனே என்று கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"அமலி, இந்தச் சேல என்ன கலர்?"

அவள் நதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பச்ச" என்றாள். "நல்ல பச்ச. கடையிலயே அதான் ஒசத்தி."